கடலதிர்வும் சப்பிரகமுவத் தோட்டங்களும்

கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்குக் கடற்கரை இல்லை. எனினும், அங்குள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயன்கள் நிற்கும் நிலம் கடலலைகளால் இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. மைக்ரோன் அளவினதாகிய இந்நுண்ணதிர்வை மனிதர் உணரார், கருவியே உணரும்.

இதன் காரணம் பற்றிய விவாதத்தில் நமது கடல்களுக்கும் பங்குண்டு. கரையில் அலை மோதுவதே காரணம் என 1904இல் ஜெர்மானிய அறிஞர் வீகெர்ட் கருதினார். பம்பாயிற் பணியாற்றிய சுதாங்சு குமார் பானர்ஜி, இந்தியக் கடல்களின் கொந்தளிப்போடு இவ்வதிர்வுக்குள்ள உறவை 1930இல் ஆராய்ந்து, கடலடித் தரையில் அலைகள் செலுத்தும் அழுத்தத்தை நோக்கி நம் கவனத்தைத் திருப்பினார். ஆனால் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. ஒரே திசையிற் செல்லும் அலையின் அழுத்தம் ஆழம் மிகமிகத் தேய்ந்துவிடும். அது ஆழ்கடல் தரையை எட்டுவது எங்ஙனம்? 1950இல் லோங்கெட்-ஹிக்கின்ஸ் விடை தந்தார். எதிரெதிரே வரும் இரு அலைத்தொகுதிகள் சந்திக்குமிடத்து எழும் அழுத்தம் ஆழத்தாற் குன்றுவதில்லை. அதன் அதிர்வெண்ணும் இருமடங்காகும். அதாவது, 12 செக்கன் அலைகள் 6 செக்கன் அதிர்வைத் தரும்.

2000ஆம் ஆண்டில் பல்லேகலையில் உலக வலையமைப்பைச் சேர்ந்த நிலநடுக்கப் பதிகருவி நிறுவப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் சுமாத்திரா நடுக்கத்தின் முதலலை ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் இலங்கையை எட்டியது. ஆழிப்பேரலை வர இரண்டு மணிநேரம் சென்றது. அவ்விடைவெளியைப் பயன்படுத்தும் எச்சரிக்கை ஏற்பாடு அன்று இருக்கவில்லை. கருவி அறிந்ததை மக்கள் அறியவில்லை.

நுண்ணதிர்வு மலையைச் சரிப்பதன்று. இதை அழுத்திக் கூறவேண்டும். மண்ணிடைத் துளைகளில் மழைநீரின் அழுத்தம் ஏறுவதே சரிவின் காரணம். 2016 மே 17இல் அரநாயக்கவிலும், புலத்கொஹுபிட்டியக் களுப்பஹனத் தோட்ட லயன்களின் மீதும் மண் சரிந்தது. அம்மழையைக் கொணர்ந்த தாழமுக்கமே பின்னர் ரோனு புயலாகி வங்கக்கடலைக் கலக்கியது. கடலுக்கும் மலைக்கும் அன்றிருந்த உறவு இதுவே.

இன்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பும், 100க்கு எச்சரிக்கையும், 150க்கு வெளியேற்றமும் அறிவிக்கிறது. அளவுகோல் தெளிவானதே. ஆயின், லயன் அமைந்த சரிவைத் தெரிந்தவர் அதில் வாழ்பவரல்லர். அந்நாளைய தோட்ட நிருவாகமே. வெளியேறுமாறு பணிக்கப்படும் தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு, வேறோரிடத்தில் வீடு கட்டுவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லை.