காவலூர் வானத்தின் கீழே ஓர் ஆங்கில வகுப்பு

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைப் பாதையில் ஏறினால் காவலூர். வானியல் படிக்கிறவர்களுக்கு இந்த ஊரின் பெயர் நன்றாகத் தெரியும். 1960களின் இறுதியில் விஞ்ஞானி வைணு பாப்புவின் முயற்சியால் இங்கே வானாய்வகம் உருவானது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம், வியாழனின் துணைக்கோளான கனிமீடு ஒரு விண்மீனை மறைத்துக் கடந்ததை இங்கிருந்து பதிவு செய்தார்கள். கனிமீடைச் சுற்றி மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்று சொல்ல அந்தப் பதிவு உதவியது. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் திறக்கப்பட்டது.

காவலூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்தினோம். மலையாளி பழங்குடிப் பிள்ளைகளும், அடிவாரத்துச் சேரிகளிலிருந்து வரும் பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். கனிமீடு பற்றிச் சொன்னபோது, "அது யாரு பேருக்கா?" என்று ஒருவன் கேட்டான். கதையைச் சொன்னோம். கிரேக்கப் புராணத்தில் கனிமீடு ட்ராய் நாட்டுச் சிறுவன். அவன் அழகைக் கண்ட கடவுள் ஜீயஸ் கழுகை விட்டு அவனைத் தூக்கிவரச் செய்தார். அன்றிலிருந்து தேவர்களுக்கு மது ஊற்றிக் கொடுப்பதே அவன் வேலை.

ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "திருப்பி வீட்டுக்கு விட்டாங்களாக்கா?"

விடவில்லை. அவன் அப்பாவுக்கு ஈடாக உயர்ந்த சாதிக் குதிரைகளைக் கொடுத்தார்கள் என்று சொன்னோம்.

"அப்போ வித்துட்டாங்க" என்றான் பின்வரிசைப் பையன்.

அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் ஊரில் வளர்ந்த பிள்ளை அவன். கிரேக்கக் கதையின் நடுநரம்பை ஒரே சொல்லில் தொட்டுவிட்டான். அன்றே முடிவு செய்தோம்: இந்த வகுப்பில் புராணம் படிப்போம், கவிதையும் எழுதுவோம்.

தோழர்களே, நம்மில் பலருக்கு ஆங்கிலக் கவிதை என்றால் மனப்பாடப் பகுதிதான். எதுகைச் சொற்களைத் தேடி எழுது, அணியின் பெயரைச் சொல், மதிப்பெண் வாங்கு. பத்து வருடம் கவிதை படித்த பிள்ளை சொந்தமாக நான்கு வரி எழுதாமலே பள்ளியை முடிக்கிறது. புராணமும் அப்படித்தான் வருகிறது: நீதி சொல்லும் கதையாக, கேள்வி கேட்கக் கூடாத கதையாக. எங்கள் வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்தோம். கதையைப் படித்த பிறகு, அதில் யார் பேசவே இல்லை என்று கண்டுபிடி. அவர் பேசுவதுபோல் உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுது.

இந்த விதி எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் எழுத்தறிவு பெற்ற இடங்களிலெல்லாம் இதைச் செய்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1761இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிடித்துவந்து பாஸ்டன் நகரில் விற்றார்கள். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் ஃபிலிஸ். வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. இரண்டையும் சேர்த்து அவளுக்கு ஃபிலிஸ் வீட்லி என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலமும் இலத்தீனும் கற்ற அவள் 1773இல் லண்டனில் கவிதை நூல் வெளியிட்டாள். ஒரு கறுப்பு அடிமைப் பெண் இதை எழுதியிருக்க முடியாது என்று ஊர் சந்தேகப்பட்டது. அவள்தான் எழுதினாள் என்று பாஸ்டனின் 18 பெரிய மனிதர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்று நூலின் முன்பக்கத்தில் அச்சானது. அந்த நூலில் நயோபி பற்றிய கவிதை ஒன்று உண்டு. தெய்வங்களின் கோபத்தால் பெற்ற பிள்ளைகள் எல்லோரையும் பறிகொடுத்த தாயின் கதை அது. தாயிடமிருந்து பறிக்கப்பட்ட ஒரு பிள்ளை, எல்லாப் புராணங்களிலும் இந்தத் தாயை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1873இல், மகாத்மா ஜோதிராவ் பூலே 'குலாம்கிரி' எழுதினார். அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு அந்த நூலைக் காணிக்கையாக்கினார். தசாவதாரக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, இவை படையெடுத்து வந்தவர்கள் எழுதிக்கொண்ட வெற்றிக் கதைகள் என்று வாசித்தார். வாமனன் காலால் மிதித்த பலிராஜா அவருடைய வாசிப்பில் உழவர்களின் நல்ல அரசன் ஆனான்.

பூலேவுக்கு முன்பே அவருடைய பள்ளியில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. சாவித்திரிபாய் பூலேவின் 'காவ்ய பூலே' 1854இல் வந்தது. ஆங்கிலம் கற்கச் சொல்லி நம் மக்களை அழைக்கும் கவிதை அதில் இருக்கிறது. அடுத்த ஆண்டே, அவர்கள் பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, மாங், மகார் மக்களின் துயரம் பற்றி எழுதிய கட்டுரை 'ஞானோதயா' இதழில் வெளியானது. வேதம் பிராமணர்களுக்கு மட்டுமே உரியது என்றால், அந்த வேதத்தின் மதம் எங்களுக்கு எப்படி மதம் ஆகும் என்று அவள் கேட்டாள். 1855இல் ஒரு பள்ளி மாணவி கேட்ட கேள்வி இது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டை நினைவுபடுத்துங்கள்.

தமிழ் மண்ணில் பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி இதே வேலையைச் செய்தார். தில்லைக்குப் போக ஏங்கி, நெருப்பில் இறங்கிய பக்தன் என்று நமக்குச் சொல்லப்பட்ட நந்தனை, அவர் பௌத்த அரசனாக வாசித்தார். அவர் முடிவுகள் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. கதையை அப்படியே வாங்கிக்கொள்ள மாட்டேன் என்ற அவருடைய துணிவு நமக்கு வேண்டும்.

அம்பேத்கரின் பள்ளி நாட்களும் இங்கே வருகின்றன. சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அவருக்கு உயர்நிலைப் பள்ளியில் அந்த வாசல் மூடப்பட்டது, பாரசீகம் படித்தார். வீட்டில் தந்தை ராம்ஜி, பிள்ளைகளை மகாபாரதமும் ராமாயணமும் படிக்க வைத்தார். ஏன் என்று மகன் கேட்டபோது, தீண்டப்படாதவர்கள் என்ற தாழ்வு மனப்பான்மை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் என்றார் தந்தை. எளிய நிலையிலிருந்து உயர்ந்தவர்களாகத் துரோணரையும் கர்ணனையும் காட்டினார். மகன் ஏற்கவில்லை. பீஷ்மரும் துரோணரும் இரட்டை வேடக்காரர்கள், கிருஷ்ணன் சூழ்ச்சி செய்கிறவன், சூர்ப்பனகையிடமும் சீதையிடமும் ராமன் நடந்துகொண்டது பிடிக்கவில்லை என்று பதில் சொன்னான். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்காக 1956இல் எழுதிய முன்னுரையில் அம்பேத்கரே இதைச் சொல்கிறார். அந்த முன்னுரை நூலின் முதல் பதிப்பில் இடம்பெறவே இல்லை.

அந்தத் தந்தையின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. நம் அப்பாக்களும் அம்மாக்களும் அப்படித்தான், கையில் கிடைத்த கதையைக் கொடுத்து நம்மை நிமிர்ந்து நிற்கச் சொன்னார்கள். அந்தக் கதைக்குள்ளேயே நம்மைக் குனிய வைக்கும் இடம் எது என்று பார்ப்பது நம் தலைமுறையின் வேலை.

ஏகலைவனை எடுத்துக்கொள்ளுங்கள். வேடர் குலச் சிறுவன் கட்டைவிரலை வெட்டிக் கொடுத்தது குரு பக்தியாகப் பாடம் நடத்தப்படுகிறது. இந்திய அரசு 1985 முதல் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சாரியார் விருது கொடுக்கிறது. 1997-98இல் பழங்குடிப் பிள்ளைகளுக்காக உறைவிடப் பள்ளித் திட்டம் தொடங்கியபோது அதற்கு ஏகலைவன் பெயரை வைத்தது. விரலைக் கேட்டவர் பெயரில் விருது, விரலை இழந்தவன் பெயரில் பள்ளிக்கூடம்! மீனா கந்தசாமியின் ஆங்கிலக் கவிதை நூல் 'டச்' 2006இல் வந்தது. அதில் ஏகலைவனுக்கு ஒரு கவிதை எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதும் தமிழ்ப் பெண் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்று சொன்னதும் எங்கள் வகுப்பில் முதுகுகள் நிமிர்ந்தன.

இனி காவலூர் வானத்துக்கு வருவோம். மேகம் இல்லாத இரவில் ஏழு விண்மீன்கள் வடக்கே தெரியும். கிரேக்கர்களுக்கு அது பெருங்கரடி. ஜீயஸால் கெடுக்கப்பட்டு, அவன் மனைவியின் கோபத்தால் கரடியாக மாற்றப்பட்ட கலிஸ்டோ என்ற பெண். குற்றம் செய்தவன் வானத்தை ஆள்கிறான், தண்டனை அவளுக்கு. நமக்கு அது சப்தரிஷி மண்டலம். வசிட்டருக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரிவது அருந்ததி. தாழ்ந்த பிறப்பைச் சேர்ந்த அட்சமாலை வசிட்டரோடு சேர்ந்து மதிப்புப் பெற்றாள் என்கிறது மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம். அவளே அருந்ததி என்பார்கள் உரைகாரர்கள். அவள் பெயரைத் தாங்கிய அருந்ததியர் மக்கள் 2009இல்தான் தமிழ்நாட்டில் 3 சதவீத உள் ஒதுக்கீடு பெற்றார்கள். திருமணத்தில் மணப்பெண்ணுக்கு அருந்ததியைக் காட்டுகிற அதே சமூகம்தான், அவள் பெயர் கொண்ட மக்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தது. இதைச் சொன்னபோது அடிவாரத்துப் பிள்ளைகளில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் அதுவரை தங்கள் சாதிப் பெயரை வகுப்பில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மலைப் பிள்ளைகளுக்கும் சொந்தப் புராணம் உண்டு. ஜவ்வாது மலை மலையாளிகளின் தோற்றக் கதை பழைய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகியிருக்கிறது. 1909இல் வந்த தர்ஸ்டனின் சாதி, பழங்குடித் தொகுதிகளிலும் இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர்களிடம் பெண் கேட்டார்கள். மறுத்ததால் ஏழு பெண்களைத் தூக்கிப் போனார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். நாய்கள் தனியே திரும்பி வந்தால் நாங்கள் செத்துவிட்டோம் என்று சடங்கை முடித்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. ஆண்கள் கரையேறி, வேடர்களைக் கொன்று ஊர் திரும்பியபோது அவர்களுக்குச் சாவுச் சடங்கு முடிந்திருந்தது. மனைவியர் விதவைகள் ஆகியிருந்தார்கள். உயிரோடு வந்தவர்களைச் சாதி சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து ஜவ்வாது மலை ஏறினார்கள்.

சமூகவியல் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானது. நாங்கள் மேலே இருந்தவர்கள், ஒரு விபத்தால் கீழே வந்தோம் என்று சொல்லும் தோற்றக் கதைகள் இந்தியா முழுதும் ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் உண்டு. அவை நம் தன்மானத்தைக் காக்கின்றன. சாதி ஏணியையும் சேர்த்தே காக்கின்றன. அதனால் வகுப்பில் வழக்கமான கேள்வியைக் கேட்டோம்: இந்தக் கதையில் யார் பேசவில்லை?

தூக்கிப் போகப்பட்ட ஏழு பெண்கள் என்ன ஆனார்கள் என்று கதை சொல்லவே இல்லை என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். கணவனைக் கொன்றவனையே மணக்க நேர்ந்த வேடர் பெண் தன் பிள்ளைக்கு என்ன தாலாட்டுப் பாடியிருப்பாள் என்று எழுத உட்கார்ந்தான் ஒரு பையன். கனிமீடு வீட்டுக்குப் போனானா என்று கேட்ட அதே பெண், நாயின் குரலில் எழுதினாள். ஆறே வரிகள், சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்கள். அதன் பொருள் இது: நான் பாதி ஆற்றில் திரும்பினேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் நீங்கள் அழுதீர்கள். மாமாவும் அந்தப் பக்கம்தான் போனார். நாய்கூட வரவில்லை. நாங்கள் இன்னும் அழவில்லை.

கங்குந்தி இன்று ஆந்திராவில் இருக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழகத் தொழிலாளர்களைக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. மோதல் என்றது காவல்துறை. போலி மோதல் என்றன மனித உரிமை அமைப்புகள். இறந்தவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இந்தச் செய்திகளைக் கேட்டே வளர்ந்த பெண், ஒரு பழைய கதைக்குள் நுழைந்து தன் வீட்டுக் கதையைச் சொல்லிவிட்டாள். அவள் எழுதியதில் இறந்தகால வினை ஒன்று தவறாக இருந்தது. அவளே கேட்டுத் திருத்திக்கொண்டாள். அந்த இலக்கண விதி அவளுக்கு இனி மறக்காது.

புராணத்தைத் தூக்கி எறியாமல் ஏன் அதோடு மல்லுக்கட்டுகிறீர்கள் என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நாம் எறிந்தாலும் அது போய்விடுவதில்லை. விருதின் பெயராக, பள்ளியின் பெயராக, கல்யாண மேடையில் சடங்காக வந்து நிற்கும். ஏன் ஆங்கிலம் என்றும் கேட்கிறார்கள். வீட்லி எழுதிய மொழியும், சாவித்திரிபாய் கற்கச் சொன்ன மொழியும் அது. சமஸ்கிருத வாசல் மூடப்பட்ட ஒரு சிறுவன் பிற்காலத்தில் 'சாதி ஒழிப்பு' உரையை எழுதிய மொழியும் அதுதான். மதிப்பெண்ணுக்கு மட்டும் அதைக் கற்பது நமக்குப் போதாது.

இரவுப் பள்ளி, மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் பகுதியின் ஒரு தலபுராணத்தையோ குலக் கதையையோ எடுத்துக்கொள்ளுங்கள். பேசாதவர் யார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஆறு வரி போதும். எழுத்துப்பிழையை முதலில் திருத்தாதீர்கள். எழுதியதை எழுந்து நின்று வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் வாசித்து முடித்ததும் எங்கள் வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்தவள் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தாள். அடுத்தவன் தன் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

ஜெய் பீம்.