ஜெயிலிலிருந்து வந்த கடிதம்

'டிஜிட்டல் அரெஸ்ட்' என்ற வார்த்தை இப்போது நம் வீட்டுப் பாட்டிகளுக்குக்கூடத் தெரியும். ஏதோ செல்போன் வந்த பிறகு முளைத்த தொழில் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பி.காம். படித்துவிட்டு பேங்க்கில் காலம் தள்ளுகிறவன், சரித்திரம் என் பாடமில்லை. ஆனாலும் இந்தத் தொழிலின் வம்சாவளியைத் துருவிக்கொண்டு போனால் 200 வருஷம் பின்னால் கொண்டுபோய் விடுகிறது.

பிரான்சில் விடோக் என்று ஒருவர் இருந்தார். முதலில் குற்றவாளி, ஜெயிலிலிருந்து தப்பி ஓடியவர். பிற்பாடு பாரிஸ் துப்பறியும் போலீசுக்கே தலைவர் ஆனார். (சினிமாக் கதை மாதிரி இருந்தாலும் நிஜம்.) 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற ஒரு சங்கதியை அவர் எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய காலம். ஜெயிலில் இருக்கும் கைதிகள் வெளியூர்ப் பணக்காரர்களுக்குக் கடிதம் போடுவார்கள். தான் ஒரு பிரபுவின் வேலைக்காரன், தப்பி ஓடும்போது எஜமானர் பொன்னும் வைரமும் இருந்த பெட்டியை வழியில் போட்டுவிட்டார், எடுக்க வந்த தன்னைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள், கொஞ்சம் பணம் அனுப்பினால் பெட்டியில் பங்கு உண்டு... இப்படிப் போகும் கதை. 100 கடிதம் போட்டால் 20க்குப் பதில் வரும் என்கிறார் விடோக். இருபது சதவீதம்! எங்கள் கிரெடிட் கார்டு பிரிவுக்கு இந்த அதிர்ஷ்டம் ஒரு நாளும் வாய்த்ததில்லை :-)

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே கதைக்கு 'ஸ்பானியக் கைதி' என்று பெயர் வந்தது. ஸ்பெயின் ஜெயிலில் ஒரு பணக்காரர் வாடுகிறார், அவரை மீட்க உதவுங்கள் என்று அமெரிக்க வியாபாரிகளுக்குக் கடிதங்கள் போயின. நியூயார்க் டைம்ஸ் 1898லேயே இதைப் பற்றி எழுதிவிட்டது. முதலில் சின்னத் தொகை கேட்பார்கள். அப்புறம் காவலாளிக்கு லஞ்சம், அப்புறம் வழிச்செலவு. கைதி மட்டும் வெளியே வரவே மாட்டார்.

1980களில் நைஜீரியாவில் எண்ணெய் விலை விழுந்து பொருளாதாரம் ஆட்டம் கண்டபோது, கைதியின் இடத்தில் 'மறைந்த அமைச்சரின் மனைவி' வந்தார். முதலில் தபால், பிறகு ஃபேக்ஸ், பிறகு ஈமெயில். அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 419ஆம் பிரிவே இந்த மோசடிக்குப் பெயராகிவிட்டது. படிக்காதவன்தான் ஏமாறுவான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1995 முதல் 1998 வரை, நைஜீரிய மத்திய வங்கியின் கவர்னர் வேஷம் போட்ட ஒருவர், அபுஜாவில் இல்லாத விமான நிலையத்தைக் காட்டி பிரேசிலின் பாங்கோ நோரோயெஸ்தே வங்கியிலிருந்து 24 கோடி டாலருக்கு மேல் கறந்தார். ஏமாந்தவர் அந்த வங்கியின் உயர் அதிகாரி. எங்கள் ஜாதி!

நம் பக்கத்தில் 2000களில் லாட்டரி மெயில், பிறகு கார்டு பிளாக் ஆகிவிட்டது என்று சொல்லி ஓ.டி.பி. கேட்கும் போன். இவை எல்லோருக்கும் தெரிந்த கதைதான்.

ஆனால் டிஜிட்டல் அரெஸ்ட்டில் ஒரு விஷயம் தலைகீழாகிவிட்டது. பழைய கடிதத்தில் கைதி எழுதுகிறவன். இப்போது கைதி நாம். உங்கள் பெயரில் போதைப்பொருள் பார்சல் பிடிபட்டிருக்கிறது, வீடியோவை அணைக்காதே, வீட்டை விட்டு நகராதே என்கிறான். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பது நம்மூர்ப் பழமொழி. இங்கே கனமே இல்லாதவர்தான் நடுங்குகிறார். 2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்கு ஸ்கைப்பில் போலி உச்ச நீதிமன்றமே நடத்திக்காட்டி 7 கோடி ரூபாய் வாங்கிவிட்டார்கள். வீடியோவில் கைது செய்ய இந்தியச் சட்டத்தில் இடமே கிடையாது.

எதிர்முனையில் இருப்பவனும் சில சமயம் கைதிதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். 2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மீண்டு சென்னை வந்து சேர்ந்தார்கள்.

இத்தனை மாறியும் ஒன்று மட்டும் மாறவில்லை. 'யாரிடமும் சொல்லாதே.' ஸ்பானியக் கைதியும் இதையே கேட்டான், 419 கடிதமும் இதையே கேட்டது. வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களில் இந்த வாக்கியத்துக்கு வேலை மிகச் சுலபம். அப்பா அம்மா ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம். ஞாயிற்றுக்கிழமை போனில் 'சாப்டியா, உடம்பு எப்படி' என்பதோடு சரி. பிள்ளைகளைக் கவலைப்படுத்தக் கூடாது என்று பெரியவர்கள் பாதியை மறைப்பது நம் வழக்கம். மோசடிக்காரன் கேட்பதும் அதைத்தானே?

புனேயில் எங்கள் கிளைக்கு வரும் ஒரு தமிழர், ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், எழுபதைத் தாண்டியவர். போன வருஷம் ஒரு நாள் எஃப்.டி.யை உடைத்து 18 லட்சத்தை யாரோ ஒரு கம்பெனிக்கு அனுப்ப ஆர்.டி.ஜி.எஸ். ஃபார்மோடு வந்தார். எப்போதும் தமிழில் பேசி, ஊர் மழை பற்றி விசாரிக்கிற மனிதர். அன்று ஹிந்தியில், அதுவும் ஒப்பிப்பது போல, "வீடு வாங்குகிறேன்" என்றார். சட்டைப் பையில் போன் வெளிச்சம் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. பணம் கட்டும் சலானின் பின்பக்கம் தமிழில் எழுதி நகர்த்தினேன்: "லைனில் யாராவது இருக்காங்களா சார்? போனை ஆஃப் பண்ணுங்க."

படித்தார். இரண்டு முறை படித்தார் என்று நினைக்கிறேன். போனை எடுத்து அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம். "ரெண்டு நாளா தூங்கலை தம்பி. பொண்ணுகிட்ட சொன்னா அவளையும் பிடிப்போம்னாங்க" என்றார்.

அங்கிருந்தே 1930க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தோம். முதல் நாள் யு.பி.ஐ.யில் போன 90,000 ரூபாயில் ஒரு பகுதி போன கணக்கிலேயே முடக்கப்பட்டது. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். எஃப்.டி. முதிர்ந்தபோது மகளும் கூட வந்திருந்தாள். இப்போது ஜாயின்ட் கணக்கு.