இறந்து மீளும் தெய்வங்கள்

இறந்து மீளும் தெய்வம் என்பது, கொல்லப்பட்டோ மாய்ந்தோ இவ்வுலகை விட்டு நீங்கி, சில நாளோ சில மாதமோ கழித்து ஏதேனும் ஒரு வடிவில் உயிர் பெறும் தெய்வத்தைக் குறிக்கச் சமய ஒப்பியலார் வழங்கும் பெயர். சுமேரியரின் துமுசி, எகிப்தியரின் ஒசைரிஸ், உகாரித் நகரத்தாரின் பாகால், பினீசியரிடமிருந்து கிரேக்கர் ஏற்றுக்கொண்ட அடோனிஸ், பிரிஜியாவின் அட்டிஸ் ஆகியோரே இவ்வகைக்கு வழக்கமாகக் காட்டப்படுவோர். தமிழரிடையே வழங்கும் காமன், கோவலன், பொன்னர் சங்கர் கதைகளும் இவற்றோடு வைத்து எண்ணத் தக்கவை.

இவர்களில் எவரும் தனியே வருவதில்லை. ஒவ்வொருவர் பக்கத்திலும் மனைவியோ தாயோ உடன்பிறந்தவளோ ஒருத்தி நிற்கிறாள். உடலைத் தேடுபவளும் அவள்தான், மாரடித்து அழுபவளும் அவள்தான். பல கதைகளில் உயிரைக் கேட்டு வாங்குபவளும் அவளே. கதைகளை அருகருகே வைத்துப் பார்த்தால், மீண்டு வரும் விதம் ஊருக்கு ஊர் மாறுகிறது. அழுகை மட்டும் மாறாமல் நிற்கிறது.

மேற்காசியாவும் எகிப்தும்

இவ்வகையில் மிகப் பழைய சான்றுகள் சுமேரியக் களிமண் பலகைகளில் கிடைக்கின்றன. விண்ணரசி இனான்னா பாதாளத்துக்கு இறங்குகிறாள். அங்கே கொல்லப்பட்டு, கொக்கியில் தொங்கவிடப்படுகிறாள். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்த பின் உயிர் தரும் உணவும் நீரும் தெளிக்கப்பட்டு எழுகிறாள். பாதாளமோ தன் பங்கைக் கேட்கிறது. தன்னை எண்ணித் துக்கம் காக்காமல் அரியணையில் அமர்ந்திருந்த கணவன் துமுசியை அவளே கைகாட்டிக் கொடுக்கிறாள். முன்பு அறிஞர் பலர், இனான்னா இறங்கியதே கணவனை மீட்கத்தான் என்று நம்பி எழுதி வந்தனர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் நோவா கிரேமர் உடைந்த பலகைகளைப் பொருத்திப் படித்தபோது கதை நேர்மாறாக இருந்தது. துமுசிக்காக அவனுடைய தங்கை கெஷ்டினன்னா தன்னையே ஈடாகத் தருகிறாள். அண்ணன் அரையாண்டும் தங்கை அரையாண்டும் பாதாளத்தில் இருக்க நேர்கிறது. ஒப்புமையை முதலில் முடிவு செய்துவிட்டுக் கதையைப் பின்னால் படிப்பதன் ஆபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

துமுசியை எண்ணி அழும் புலம்பல்கள் சுமேரியத்தில் ஏராளமாக உள்ளன. பிற்காலத்தில் அவன் தம்மூஸ் எனப்பட்டான். எருசலேம் ஆலயத்தின் வடக்கு வாசலில் பெண்கள் தம்மூசுக்காக அழுதுகொண்டிருந்ததை எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டித்ததாக விவிலியம் கூறுகிறது. கோடைக் கொடுமை உச்சத்தில் இருக்கும் மாதம் இன்றும் யூத நாட்காட்டியில் அவன் பெயரைச் சுமக்கிறது.

ஒசைரிஸ் தம்பி சேத்தால் கொல்லப்படுகிறான். மனைவி ஐசிஸ் உடலைத் தேடிச் சேர்த்து உயிரூட்டுகிறாள்; ஆனால் அவன் உயிருள்ளோர் உலகுக்குத் திரும்பவில்லை, இறந்தோருக்கு அரசனாகிறான். எகிப்தியர் அவன் உருவில் மரச் சட்டம் செய்து, வண்டல் நிரப்பித் தானியம் விதைத்து முளைக்கவிட்டுக் கல்லறையில் வைத்தனர். துத்தன்காமனின் கல்லறையிலும் அப்படி ஒன்று இருந்தது. அடோனிசுக்காகக் கிரேக்கப் பெண்கள் உடைந்த சட்டிகளில் கீரை விதை தூவி, வீட்டுக் கூரையில் வைத்தனர். அது விரைவாக முளைத்து விரைவாக வாடியது. வாடியதும் அழுதபடி நீரில் விட்டனர். அம்மன் கோயில் திருவிழாவில் இருட்டறையில் முளைப்பாரி வளர்த்து, வெளிறிய மஞ்சள் முளைகளைத் தலையில் சுமந்து போய்க் குளத்தில் கரைக்கும் தமிழ்ப் பெண்களுக்கு இந்தச் சட்டிகள் புதியவையாகத் தோன்றா.

உகாரித்தின் கதை 1928இல் சிரியக் கடற்கரையில் உழவன் ஒருவனின் கலப்பை ஒரு கல்லறையில் தட்டியதால் தொடங்கிய அகழாய்வில் வெளிப்பட்டது. மழைத் தெய்வமான பாகாலைச் சாவுத் தெய்வம் மோட் விழுங்குகிறது. பாகாலின் உடன்பிறந்தவளான அனாத் மோட்டைப் பிடித்து வெட்டி, தூற்றி, சுட்டு, அரைத்து, வயலில் விதைக்கிறாள், பாகால் மீள்கிறான். களத்துமேட்டில் நெல்லுக்கு நேர்வதெல்லாம் அங்கே சாவுக்கு நேர்கிறது.

ஒப்பீட்டின் வரலாறு

பிற நாட்டார் தெய்வத்தைத் தம் தெய்வமாகக் காணும் வழக்கம் பழையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ், ஒசைரிசே டயோனைசஸ் என்று எழுதினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன், கிரேக்கத் தெய்வக் கதைகளுக்கும் இயேசுவின் வரலாற்றுக்கும் இடையே ஒப்புமை இருப்பதை மறைக்கவில்லை. பேய்கள் முன்கூட்டியே செய்த போலி என்று விளக்கம் சொன்னார். 1784இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் கிரேக்க, இத்தாலிய, இந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையை இந்தியா பக்கம் திருப்பியது.

ஜேம்ஸ் ஃபிரேசரின் ‘பொற்கிளை’ 1890இல் 2 தொகுதிகளாக வந்து, 1915க்குள் 12 தொகுதிகளாக வளர்ந்தது. பயிர் மடிந்து முளைப்பதே இத்தெய்வங்களின் உட்பொருள் என்பது அவர் கருத்து. 1987இல் ஜொனதன் இசட். ஸ்மித் இந்த வகைப்பாட்டையே மறுத்தார்: இறந்தவர் பலர் மீளவில்லை, மீண்டவர் பலர் இறக்கவில்லை, சான்றுகளோ பிற்காலத்தவை என்றார். 2001இல் சுவீடன் அறிஞர் டிரிக்வே மெட்டிங்கர், பாகால், துமுசி போன்ற சிலரேனும் கிறிஸ்தவத்துக்கு முன்பே இறந்து மீண்டவர்கள்தாம் என்று காட்ட முயன்றார். அவரும் இயேசுவின் உயிர்ப்பு அக்கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்று கூறவில்லை. பருவந்தோறும் திரும்பும் தெய்வமும், ஒரே முறை உயிர்த்த மனிதரைப் பற்றிய நம்பிக்கையும் ஒன்றல்ல.

இதே வழக்கைத் தஞ்சை மாவட்டத்து லாவணிப் பாடகர்கள் தம் வழியில் நடத்தி வந்துள்ளனர். காமன் எரிந்தானா இல்லையா என்பதே வாதம். எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் எதிரெதிரே அமர்ந்து, டேப்பு அடித்துப் புராணச் சான்று காட்டிப் பாடும். கேள்வி ஐரோப்பியப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரியதன்று.

காமனும் மலையகமும்

தேவர்கள் வேண்ட, தவத்தில் இருந்த சிவன்மேல் மலரம்பு தொடுத்து, நெற்றிக்கண்ணில் எரிந்தவன் காமன். மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை அவன் எரிந்த இடமாகப் போற்றப்படுகிறது. அட்ட வீரட்டத் தலங்கள் எட்டில் அது ஒன்று. காளிதாசனின் குமாரசம்பவம் அவன் மனைவி இரதியின் புலம்பலுக்கு ஒரு சருக்கத்தையே ஒதுக்குகிறது. காமன் மீள்கிறான், உடல் மீளவில்லை, இரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறான் என்பர். அனங்கன், அதாவது உடலற்றவன், என்ற பெயர் அதனால் வந்தது.

இந்தக் கதை இலங்கை மலையகத்துக்கு நடந்தே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை வந்து, தெற்கே மாத்தளையை நோக்கி நடந்தனர். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே இன்றைய ஏ9 வீதியில் அமைந்த பலாபத்வல இப்பாதையின் கடைசிக் கட்டத்தில், மலை தொடங்கும் வாசலில் உள்ளது. அதைத் தாண்டினால் அலுவிகாரை, பிறகு மாத்தளை முத்துமாரியம்மன் கோயில். 2023இல், மலையகத் தமிழர் வரவின் 200ஆம் ஆண்டையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றது அந்த முன்னோரின் நினைவாகவே.

காமன் கூத்து மலையகத் தோட்டங்களில் மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையையொட்டித் தொடங்கும். தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அருகே காமன் பொட்டல் எனப்படும் திறந்த வெளியில் காமன் ஊன்றுவர். நட்ட கம்பத்தில் வைக்கோற்பிரி சுற்றப்படும். காப்புக் கட்டியோர் விரதம் காப்பர். தப்பு முழங்க இரதி மதன் திருக்கல்யாணம் நடக்கும். தூதன், வீரபத்திரன், எமன் எனப் பாத்திரங்கள் இரவிரவாக வந்து ஆடும். விடியும் நேரத்தில் காமன் எரிக்கப்படுவான். இரதி வேடம் கட்டியவர் மரபாக ஓர் ஆண். ஆனால் அவர் எடுக்கும் ஒப்பாரியில் பொட்டலைச் சூழ்ந்திருக்கும் பெண்கள் தம் வீட்டுச் சாவுகளையும் சேர்த்து அழுவர். பல இடங்களில் மூன்றாம் நாள் காமனை உயிர்ப்பிக்கும் சடங்கு உண்டு.

மூன்றாம் நாள் என்பதைக் கண்டதும் இனான்னாவையும் உயிர்ப்பு ஞாயிற்றையும் நினைப்பது இயல்பே. தவக்காலமும் மாசி பங்குனியும் ஒரே பருவத்தில் வருவதும் உண்மை. ஆயினும் தமிழரிடையே மூன்றாம் நாள் என்பது காடாற்றும் பால் தெளிப்பும் சேர்ந்த சாவுச் சடங்கின் நாள். அதற்கு யூப்ரடீஸ் நதி வரை போக வேண்டியதில்லை. கணவன் உயிரை எமனிடம் கேட்டு வாங்கிய சாவித்திரியை எண்ணிப் பெண்கள் நோற்கும் காரடையான் நோன்பும் மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில்தான் வருகிறது.

மலையகத்தின் இன்னொரு கூத்தான பொன்னர் சங்கரில் அழுபவள் தங்கை. போரில் மாண்ட அண்ணன்மாரைத் தங்காள் படுகளத்தில் எழுப்புகிறாள். அவர்கள் சிறிது நேரம் பேசிவிட்டு மறுபடி மாய்கின்றனர். திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள வீரப்பூரில் படுகளச் சடங்கின்போது விழுந்து கிடப்போரைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவர். கெஷ்டினன்னாவுக்கு மிக நெருங்கி நிற்பவள் தங்காளே. இரண்டுக்கும் இடையே எந்த வழியும் காட்ட இயலாது. தங்கை அழுதாள் என்பதே இரண்டையும் இணைக்கிறது.

கண்ணகியும் பத்தினியும்

கண்ணகி கதையில் நிலை வேறு. இங்கே கதை நகர்ந்த வழி தெரியும். சிலப்பதிகாரத்தில் வெட்டுண்ட கணவன் கோவலனைக் கண்ணகி தழுவி அழும்போது, அவன் எழுந்து நின்று, தன் கையால் அவள் கண்ணீரைத் துடைத்து, அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு விண்ணுலகு போகிறான். மதுரை எரிந்து 14 நாள் கழிந்தபின் தேவ வடிவில் வந்து அவளை அழைத்துச் செல்கிறான். முன்னதாகப் புகாரில், பிரிந்த கணவனோடு சேரக் காமவேளைத் தொழுமாறு தோழி தேவந்தி சொன்னபோது, அது தனக்குப் பெருமையன்று என்று மறுத்தவளும் இவளே. தெய்வத்திடம் கேட்டு வாங்க மறுத்தவள் பிறகு தானே தெய்வமாகிறாள்.

சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது இலங்கையின் கயவாகு மன்னன் உடனிருந்தான் என்கிறது காப்பியம். மகாவம்சம் கயவாகுவைப் பேசுகிறது, சிங்களர் பத்தினி என வணங்கும் கண்ணகியைப் பேசவில்லை. பிற்காலச் சிங்கள நூலான ராஜாவலியவில் கதை விரிகிறது: நீலன் என்ற வீரன் இரும்புத் தண்டால் அடிக்கக் கடல் பிளந்து வழிவிடுகிறது, மன்னன் சோழ நாடு சென்று, சிறைப்பட்ட 12,000 பேரை மீட்டு, பத்தினியின் சிலம்போடு திரும்புகிறான். மோசே செங்கடலைக் கடந்த கதையை இது நினைவூட்டாமல் இராது.

சிங்களப் பாடல்களிலும் கிழக்கிலங்கையின் கண்ணகி வழக்குரையிலும் கண்ணகி பாண்டியன் தோட்டத்து மாங்கனியில் பிறக்கிறாள். பேழையில் வைத்து நீரில் விடப்பட்டு, காவிரிப்பூம்பட்டினத்தில் வளர்க்கப்படுகிறாள். பேழையில் மிதந்த குழந்தைகளின் வரிசையில் கர்ணன், மோசே, அக்காத் நாட்டுச் சார்கோன் ஆகியோரோடு அவளும் சேர்கிறாள். கம்மடுவ என்னும் சிங்களச் சடங்கின் ஒரு பகுதி ‘மரா இபத்தீம’, அதாவது கொல்லலும் உயிர்த்தலும். அதில் பாலங்க எனப்படும் கோவலனைப் பத்தினி முழு உடலோடு எழுப்புகிறாள். இரதியைப் போலவே பத்தினிக்கும் வேடம் கட்டுபவர் ஆணே.

மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய பெருநூலில், இந்த உயிர்ப்புச் சடங்கை மேற்காசியத் தாய்த்தெய்வ வழிபாட்டோடு இணைத்து, அது வணிகர் வழியாகத் தென்னிந்தியா வந்திருக்கலாம் என்று கருதினார். முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல்களை எண்ணினால் இது நடக்க முடியாத ஒன்றல்ல. ஆனால் எழுந்து நின்று கண்ணீர் துடைக்கும் கோவலன் தமிழ்க் காப்பியத்திலேயே இருக்கிறான். அந்த விதை போதும். சிங்களச் சடங்கு அதை முழு மரமாக வளர்த்தது என்று கொள்வதே பொருத்தம்.

கடலின் இருபுறமும் வழிபாடு தொடர்கிறது. மட்டக்களப்புப் பகுதியில் வைகாசிச் சடங்கின் இறுதியில் அம்மனின் வெம்மையைத் தணிக்கும் குளிர்த்தி நடக்கும். கொம்புமுறி விளையாட்டில் ஊர் கோவலனுக்கு வடசேரி, கண்ணகிக்குத் தென்சேரி எனப் பிரிந்து, கொக்கியாகப் பின்னிய இரு கொம்புகளை ஒன்று முறியும்வரை இழுக்கும். சிங்களரின் அங்கெலியவில் உடுபில பாலங்கவுக்கும் யட்டிபில பத்தினிக்கும் உரியவை. யாழ்ப்பாணத்தில் மட்டும் போக்கு மாறியது: 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இவ்வழிபாட்டைச் சமணச் சார்புடையதென்று எதிர்க்க, கண்ணகி கோயில்கள் பல இராசராசேசுவரி, புவனேசுவரி எனப் பெயர் மாறின. வன்னியில் வற்றாப்பளைக் கண்ணகி கோயில் மாறவில்லை. வைகாசிப் பொங்கலில் கடல்நீர் ஊற்றிய விளக்கு அங்கு இன்றும் எரிகிறது.

வரவிருக்கும் மீட்பர்

இறந்து மீள்பவர்களுக்கு எதிர்முனையில், இன்னும் பிறவாத மீட்பர்கள் உள்ளனர்: சரதுஷ்டிரரின் நெறியில் சவோஷ்யந்த், வைணவத்தில் கல்கி, பௌத்தத்தில் மைத்திரேயர். வருங்காலத்தில் ஒருவர் வருவார் என்பதே மூவருக்கும் பொது. பலாபத்வலவுக்குத் தெற்கே, ஏ9 வீதியில் உள்ள அலுவிகாரையில்தான் கி.மு. 1ஆம் நூற்றாண்டில் திரிபிடகம் முதன்முதலில் எழுத்தில் வடிக்கப்பட்டது என்பது தேரவாத மரபு. மைத்திரேயரின் வருகையைச் சொல்லும் சூத்திரம் அதன் தீக நிகாயத்தில் உள்ளது. மகாயானத்தின் அவலோகிதேசுவரர் இலங்கையில் நாத தெய்வமாகி, பிறகு மைத்திரேயராகவே கருதப்பட்டார்.

பத்தினியையும் சிங்கள பௌத்தர் எதிர்காலத்தில் புத்தராகப் பிறக்க வேண்டிக் காத்திருப்பவளாகவே கொள்கின்றனர். கணவனின் உடலைத் தழுவி அழுதவள் அவ்வாறு வரவிருக்கும் மீட்பர் வரிசையில் இடம் பெறுகிறாள். கண்டி எசல பெரஹராவில் தலதா மாளிகையை அடுத்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் வரும். நான்கில் இறுதியாக வரும் பத்தினியின் ஊர்வலத்தில் பெண்கள் ஆடிச் செல்கின்றனர்.