பாத் நகரில் ஒரு பகல்

நான் கல்லூரியில் பயின்ற நாளில் ஜேன் ஆஸ்டினின் நாவல் ஒன்று பாடநூலாக இருந்தது. பரீட்சைக்கென்று தொடங்கியவன், பரீட்சை முடிந்த பின்னும் விடாமல் அவருடைய ஆறு நாவல்களையும் படித்துத் தீர்த்தேன். ஆகவே இங்கிலாந்து செல்லும் வாய்ப்புக் கிட்டியதும், லண்டன் பாடிங்டன் நிலையத்தில் ரயிலேறிப் பாத் நகரில் போய் இறங்கினேன்.

குளியல் என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். ஏறத்தாழ 46 டிகிரி வெப்பமுள்ள வெந்நீர், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல், அங்கே நிலத்திலிருந்து ஊறி வருகிறது. ரோமானியர் அதைச் சுற்றிக் கோயிலும் குளமும் கட்டினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நீரைப் பருகினால் நோய் தீரும் என்று வைத்தியர்கள் சொல்ல, சீமான்கள் திரண்டனர்; நோயாளிகளைவிட நடனத்திற்கும் மணப்பேச்சுக்கும் வந்தவர்களே மிகுதி எனலாம். நானும் ஒரு குவளை பருகினேன். வெதுவெதுப்பும் இரும்பு வாடையுமாக இருந்தது. இரண்டாம் குவளையை நாடவில்லை.

அச்செல்வர்களுக்காக எழுந்ததே இன்றைய எழில் நகரம். 1767 முதல் 1774 வரை கட்டப்பட்ட ராயல் கிரெஸன்ட் பிறை வடிவில் வளைந்து நிற்கிறது. முன்னே நின்று நோக்கினால் ஒரே அரண்மனை. உண்மையிலோ அது 30 வீடுகளின் வரிசை. முகப்பை மட்டும் ஜான் உட் என்ற சிற்பி ஒரே சீராக வகுத்தார். பின்புறத்தை அவரவர் விருப்பம் போல் கட்டிக்கொண்டனர். சுற்றிப் போய்ப் பார்த்தேன். கூரைகள் ஏறியும் இறங்கியும், சன்னல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமலும் இருந்தன.

மாணவ நேயர்களே, இந்நகரம் ஜேன் ஆஸ்டினைத் தன் மகளாகவே கொண்டாடுகிறது. அவர் பெயரில் காட்சியகம் உண்டு. ஆண்டுதோறும் விழாவும் உண்டு. ஆனால் அவர் மிகக் குறைவாக எழுதியது இங்கேதான். ஸ்டீவன்டன் என்னும் சிற்றூரில் பாதிரியாராயிருந்த தந்தை, பணியை மூத்த மகனிடம் ஒப்படைத்து, 1801இல் குடும்பத்துடன் பாத் வந்தார். ஜேனுக்கு அப்போது வயது 25. ஸிட்னி பிளேஸில் 4ஆம் எண் வீடு, எதிரே பூங்கா. 1803இல் ஒரு நாவலை லண்டன் பதிப்பாளர் ஒருவர் 10 பவுனுக்கு வாங்கினார், அச்சிடாமலே வைத்துக்கொண்டார். 1804இல் தொடங்கிய கதை பாதியில் நின்றது. 1805 ஜனவரியில் தந்தை மறைந்தார்.

பாதிரியாரின் வருமானம் அவரோடு முடிந்துவிடும். தாயும் மணமாகாத இரு பெண்களும் ஆண்மக்கள் அனுப்பிய பணத்தைப் பெரிதும் நம்பி வாழ நேர்ந்தது. கே தெருவுக்கு மாறினர். பிறகு டிரிம் தெருவுக்கு. ஊருக்கு வருமுன்னரே, டிரிம் தெருவை மட்டும் தவிர்த்துவிட அம்மா பாடுபடுவார் என்று ஜேன் தம் தமக்கைக்கு எழுதியிருந்தார்! ஸிட்னி பிளேஸிலிருந்து புல்ட்னி பாலத்தைக் கடந்து அங்கே நடந்து சென்றேன். கால்மணி நேர வழிதான். அக்குடும்பம் அதைக் கடக்க ஐந்து ஆண்டுகளாயின. தெரு குறுகியது. சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

1806இல் அவர்கள் பாத்தை விட்டு வெளியேறினர். 1809இல் உடன்பிறந்தார் ஒருவர் சாட்டனில் வீடு தந்தார். 1811 முதல் நாவல்கள் ஒவ்வொன்றாக அச்சேறின. உறங்கிக் கிடந்த கைப்பிரதியை 1816இல் அதே 10 பவுன் கொடுத்து மீட்டனர். 1817 ஜூலையில் ஆசிரியை மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில்தான் ‘நார்த்தாங்கர் அபி’ என்ற பெயரில் அது வெளிவந்தது, அவர் கடைசியாக முடித்த ‘பர்ஸ்வேஷன்’ நாவலுடன் சேர்ந்து.

இரண்டிலும் பாத் நகரம் உண்டு. முன்னதில் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அதைக் கண்டு வியக்கிறாள்; பின்னதில் இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு அவ்வூரே பிடிக்கவில்லை. எனினும் எட்டாண்டுகளுக்கு முன் இழந்த காதலை அவள் திரும்பப் பெறுவது அங்கேதான். அதற்கு ஆசிரியை தேர்ந்த இடம் நடன மண்டபமன்று, பிறை மாளிகையின் முன்றிலுமன்று. செல்வர் வீடுகளின் பின்புறமாகச் செல்லும் ஒரு சரளைக்கல் நடைபாதை. மாலை ரயிலுக்கு நேரமிருந்ததால் அவ்வழியே நடந்தேன். ஒருபுறம் மரங்கள், மறுபுறம் தோட்டச் சுவர்களுக்கு மேலே, முகப்பு அழகு ஏதுமின்றி, வீடுகளின் முதுகுகள் தெரிந்தன.