கடைவீதி காலியானால்...

கையில் காபியோ டிபனோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். இந்த வாரம் பேசப்போவது வயிற்றுப்போக்கு பற்றி.

சிரிக்காதீர்கள். ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்ற சமாசாரம் இது. அதுவும் எங்கே? குடிதண்ணீர் கிடைக்காத ஏதோ ஒரு குக்கிராமத்தில் அல்ல. இங்கிலாந்தில். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே!

லண்டனுக்குப் பக்கத்தில் கென்ட். அங்கே மெய்ட்ஸ்டோன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் வட்டாரத்தில் ஒரே அரசு நிர்வாகத்தின் கீழ் மூன்று ஆஸ்பத்திரிகள். 2004 ஏப்ரலில் இருந்து 2006 செப்டம்பர் வரை, அங்கே படுத்திருந்தவர்களில் 1,100-க்கும் மேற்பட்டவர்களை ஒரே கிருமி பிடித்துக்கொண்டது. வேறு ஏதோ வியாதிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள், பாவம். சுமார் 90 பேரின் சாவுக்கு அந்தக் கிருமிதான் நிச்சயமான அல்லது அநேகமான காரணம் என்றது, 2007 அக்டோபரில் வந்த விசாரணை அறிக்கை. கட்டில்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. நர்ஸ்கள் போதவில்லை. பாத்ரூம் போக உதவி கேட்டவர்களிடம், படுக்கையிலேயே போய்க்கொள்ளச் சொன்ன கொடுமையும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

யார் இந்தக் கிருமி? கொஞ்சம் பின்னால் போகலாம்.

1935. அமெரிக்காவின் டென்வர் நகரம். ஐவன் ஹால், எலிசபெத் ஓடூல் என்று இரண்டு பேர். பிறந்த சில நாளே ஆன குழந்தைகளின் மலத்தில் என்னென்ன கிருமிகள் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார்கள். புதிதாக ஒன்று அகப்பட்டது. சோதனைச் சாலையில் அதை வளர்த்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்தக் கடுப்பைப் பெயரிலேயே காட்டினார்கள்: 'பாசிலஸ் டிஃபிசிலிஸ்'. 'கஷ்டமான ஆசாமி' என்று வைத்துக்கொள்ளுங்களேன். பின்னாளில் குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் ஆகி, 2016-ல் குளோஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்று மறுபடி பெயர் மாறியது. நமக்கு வாயில் நுழைகிற மாதிரி, சி.டிஃப்.

அது கக்கும் விஷத்தில் முயல்கள் செத்தன. ஆனால் அதே கிருமியைச் சுமந்த குழந்தைகள் ஜம்மென்று கைகாலை உதைத்துக்கொண்டிருந்தன. சரி, மனுஷனுக்கு ஆபத்தில்லை என்று எல்லோரும் அதை மறந்துபோனார்கள்.

அடுத்து வந்தது பென்சிலின் யுகம். 1940 மே 25 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரியின் குழு எட்டு எலிகளுக்கு ஆபத்தான கிருமியை ஏற்றி, நான்குக்கு மட்டும் பென்சிலின் கொடுத்துப் பார்த்தது. மருந்து கிடைத்த நான்கும் மறுநாள் உயிரோடு இருந்தன. மற்ற நான்கும் காலி. சரித்திரம் மாறியது.

ஆனால், 1943-ல் அமெரிக்காவில் கினிப்பன்றிகளுக்கு அதே பென்சிலினைக் கொடுத்தபோது நடந்தது தலைகீழ். மருந்தே அவற்றைக் கொன்றது! அந்த எச்சரிக்கையை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போர்க்களத்தில் பென்சிலின் உயிர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த நேரம். கினிப்பன்றிகளுக்காக யார் கவலைப்படுவார்கள்?

1950-களில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட சில நோயாளிகளுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தது. குடலின் உட்சுவரில் மஞ்சள் நிறத்தில் ஆடை படர்ந்திருந்தது. டாக்டர்கள் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். வான்கோமைசின் கொடுத்தார்கள், குணமானது. கேஸ் முடிந்தது என்று ஃபைலை மூடிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வான்கோமைசின் சி.டிஃப்பையும் கொல்லும். அதனாலேயே தப்பான ஆளைப் பிடித்தது வெளியே தெரியவில்லை.

1974-ல் ஃபைல் மறுபடி திறந்தது. செயின்ட் லூயிஸ் நகரில் ஃபிரான்சிஸ் டெடெஸ்கோ என்ற டாக்டர், கிளின்டாமைசின் மருந்து சாப்பிட்ட 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார். 100-க்கு 21 பேருக்கு வயிற்றுப்போக்கு. 10 பேருக்குக் குடலில் அந்த மஞ்சள் ஆடை. நான்கு வருடம் கழித்து, 1978-ல், வெள்ளெலிகளை வைத்து ஆராய்ந்த ஜான் பார்ட்லெட்டின் குழு நிஜக் குற்றவாளியைப் பிடித்தது. 43 வருடத்துக்கு முன்னால் டென்வரில் மறந்துபோன அதே கஷ்டமான ஆசாமி!

நான் படித்தது காமர்ஸ். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். நம் குடல் ஒரு கடைவீதி. கோடிக்கணக்கான நல்ல பாக்டீரியாக்கள் இடம் பிடித்து, கடை போட்டு, பிழைப்பு நடத்துகின்றன. புதிதாக ஒரு ரவுடி வந்தால் அவனுக்கு நிற்க இடம் கிடையாது. ஆன்டிபயாட்டிக் உள்ளே போகிறது. கெட்ட கிருமியோடு சேர்த்து நல்ல கடைகளுக்கும் ஷட்டர் விழுகிறது. வீதி காலி. சி.டிஃப் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறது. மருந்து கிருமியை உண்டாக்கவில்லை. வழிவிட்டது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் ஏன் அதிகம்? ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் குடல் காலியானவர்கள் வரிசையாகப் படுத்திருப்பது அங்கேதான். தவிர, இந்தக் கிருமி கெட்டியான ஓட்டுக்குள் புகுந்து வித்தாக மாறிவிடும். கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். நாம் நம்பியிருக்கும் ஆல்கஹால் சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவித்தான் கையை விட்டுப் போகவைக்க வேண்டும்.

2000-களில் கனடாவின் கியூபெக்கிலும் இங்கிலாந்திலும் பரவியது 027 என்ற முரட்டு ரகம். சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துகளுக்கு அது அடங்காது. அந்த மாத்திரைகள் வீதியைக் காலி செய்யச் செய்ய, அதற்குக் கொண்டாட்டம். 2007-ல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 8,324 மரணச் சான்றிதழ்களில் சி.டிஃப்பின் பெயர் இருந்தது.

அரசாங்கம் விழித்துக்கொண்டது. கை கழுவு, வார்டைத் தேய்த்துக் கழுவு என்று உத்தரவுகள் பறந்தன. கூடவே, சிப்ரோ வகை மருந்துகளை எழுதுவதற்குக் கட்டுப்பாடு. 2012-ல் அந்த 8,324, 1,646 ஆகச் சரிந்தது.

எது காப்பாற்றியது? சோப்பா, கட்டுப்பாடா? 2017-ல் ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. சுத்தம் மட்டுமே காரணமென்றால் எல்லா ரகமும் ஒரே மாதிரி குறைந்திருக்க வேண்டும். ஆனால் மளமளவென்று குறைந்தது, சிப்ரோவுக்கு அடங்காத ரகங்கள்தான். ஆக, மருந்தைக் குறைத்ததுதான் பெரிய வைத்தியம்!

இன்னொரு வைத்தியமும் உண்டு. முகம் சுளிக்கக் கூடாது. காலியான வீதியில் மறுபடி நல்ல கடைகளைக் கொண்டுவந்து வைப்பது. அதாவது, ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. 1958-லேயே, அதே டென்வரில், பென் ஐஸ்மேன் என்ற சர்ஜன் நான்கு பேருக்கு எனிமாவாகக் கொடுத்துப் பிழைக்க வைத்தார். குற்றவாளி யாரென்றே தெரியாத காலத்தில்! 2013-ல் ஆம்ஸ்டர்டாமில் முறைப்படி சோதித்தார்கள். திரும்பத் திரும்ப சி.டிஃப் தாக்கிய 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணம். வான்கோமைசின் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் தேறியது நான்கு பேர்தான். 2023-ல் இதே சரக்கை கேப்சூலாக்கி விற்க அமெரிக்கா அனுமதியே கொடுத்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு டாக்டர் எழுதிய ஆன்டிபயாட்டிக்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிமோனியாவுக்கும் ரத்தத்தில் பரவும் தொற்றுக்கும் அது உயிர் காக்கும் மருந்து. அது வரவுக் கணக்கு. செலவுக் கணக்கும் இருக்கிறது என்பதுதான் நான் சொல்லவந்தது. சாதாரண ஜலதோஷம் வைரஸால் வருவது. அதை ஆன்டிபயாட்டிக் தொடாது. வரவே இல்லாமல் செலவு மட்டும் ஆகும் கணக்கு அது. அப்படியிருந்தும் மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே பேர் சொல்லி வாங்கி விழுங்குகிறோம்.

அடுத்த முறை டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எனக்கு ஆன்டிபயாட்டிக் அவசியம்தானா டாக்டர்?"

நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.