ஃபோர்டு காருக்கு அலாய் வீல் மாத்தப் போறீங்களா? 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்'னு கடைக்காரர் சொன்னா உஷார்!

ஃபோர்டு எக்கோஸ்போர்ட், ஃபிகோ கார்களை செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் பலரும் முதலில் மாற்ற நினைப்பது வீலைத்தான். கடையில் சுவர் முழுக்க டிசைன் தொங்கும். பிடித்ததைக் கைகாட்டினால், "சார், இது உங்க வண்டிக்கு செட் ஆகாது" என்று பதில் வரும். அடுத்த கடைக்குப் போனால், "ஆகும் சார், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்பார்கள்.

முதல் கடைக்காரர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இரண்டாவது கடையில் என்ன 'அட்ஜஸ்ட்' பண்ணுவார்கள், அது ஏன் ஆபத்து, அப்படியானால் சரியான வீலை எங்கே, எப்படித் தேடுவது? பார்ப்போம்.

பிசிடி என்றால் என்ன?

வீலை ஹப்போடு பிடித்து வைக்கும் நட்டுகள் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம்தான் பிசிடி. 4×100 என்றால் நான்கு நட், 100 மி.மீ. வட்டம் என்று அர்த்தம்.

மாருதி ஸ்விஃப்ட், ஹூண்டாய் ஐ20, ஹோண்டா சிட்டி, டாடா டியாகோ, டொயோட்டா எட்டியோஸ் எல்லாமே 4×100. நம்ம ஊரில் ஓடும் சின்ன கார்களில் பெரும்பகுதி இதுதான் என்பதால், கடைக்காரரும் இந்த அளவைத்தான் அதிகம் வாங்கி வைப்பார்.

ஃபோர்டு மட்டும் தனி ரூட். எக்கோஸ்போர்ட், ஃபிகோ, ஆஸ்பயர், ஃப்ரீஸ்டைல் எல்லாம் 4×108. எக்கோஸ்போர்ட் தயாரானது சென்னையை அடுத்த மறைமலை நகர் தொழிற்சாலையில். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. புது வண்டி வராத அளவுக்கு எந்தக் கடைக்காரர் வீலை வாங்கிக் குவிப்பார்? வண்டி இன்னும் பல வருஷம் ஓடும், வீல் மட்டும் கிடைப்பது கஷ்டமாகிக்கொண்டே போகும்.

இதே சிக்கல் வேறு சில கார்களுக்கும் உண்டு. 2015-ல் வந்த ரெனோ க்விட்டுக்கு வீலுக்கு மூணே நட். டாடா நானோவுக்கும் மூணு நட்தான். ஃபோக்ஸ்வாகன் போலோ, வென்டோ 5×100. ஃபியட் யூனோவும், சச்சின் விளம்பரத்தில் வந்த பாலியோவும் 4×98.

பொருந்தாத வீலை விட, பொருந்துற மாதிரி தெரியும் வீல்தான் டேஞ்சர்!

4×100 வீலை ஃபோர்டில் மாட்டிப் பார்த்தால், ஒவ்வொரு போல்ட்டும் 4 மி.மீ. விலகி நிற்கும். உள்ளேயே போகாது. அதனால் ஏமாற வழியில்லை.

ஃபியட் கதை வேறு. 98-க்கும் 100-க்கும் வித்தியாசம் வெறும் 2 மி.மீ. அதாவது ஒரு போல்ட்டுக்கு 1 மி.மீ. துளையில் இருக்கும் இடைவெளியிலேயே இது அடங்கிவிடும். ஏர் கன் வைத்து 'டர்ர்ர்' என்று அடித்தால் இறுகியும் விடும். வெளியே இருந்து பார்த்தால் பக்காவாக மாட்டிய வீல் போலத்தான் தெரியும்.

உள்ளே நடப்பது என்ன? வண்டியின் எடையை போல்ட் தனியாகத் தாங்குவதில்லை. நட் இறுகும்போது வீலும் ஹப்பும் ஒன்றோடு ஒன்று அழுந்துகிறது. அந்த உராய்வுப் பிடிதான் வீலை நகராமல் வைத்திருக்கிறது. துளை விலகியிருந்தால், நட்டின் கூம்பு வடிவ முனை துளையில் முழுசாக உட்காராது, ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். பிடி குறையும். போல்ட் வளைந்த நிலையில் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னும் பின்னும் வளைந்து களைத்துப்போய், கடைசியில் நட் லூசாகலாம் அல்லது போல்ட்டே முறியலாம். மாட்டிய அன்றைக்கே இது நடக்காது, பல ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பைபாஸில் 100-ல் போகும்போதும் நடக்கலாம்.

'அட்ஜஸ்ட்' என்றால் என்ன பண்ணுவாங்க?

ஒரு வழி, லேத்தில் கொடுத்து துளையை நீளவாக்கில் ராவுவது. இதை எந்தக் காரணத்துக்காகவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நட் உட்காரும் கூம்புப் பரப்பே போய்விடும், அதன் பிறகு அந்த வீல் எந்தக் காருக்கும் ஆகாது. பழைய துளையை வெல்டு வைத்து அடைத்துப் புதுத் துளை போடுவதும் அப்படித்தான். அலாய் வீல் சூடுபடுத்திப் பதப்படுத்தி வரும் பொருள். வெல்டு சூடு பட்ட இடத்தில் அந்த பலம் இருக்காது.

இன்னொரு வழி அடாப்டர். ஹப்பில் 4×108-க்கு ஒரு அலுமினியத் தட்டை மாட்டி, அதன் மேல் 4×100 வீலை மாட்டுவது. துல்லியமாகக் கடைந்த தரமான அடாப்டர்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தட்டின் தடிமன் 20 மி.மீ. என்றால் வீல் அவ்வளவு தூரம் வெளியே தள்ளி நிற்கும். வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டியரிங் பழக்கம் மாறும், டயர் ஃபெண்டரில் உரசலாம். தினமும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு இது வேண்டாம் என்பதுதான் நம்ம கருத்து.

ஃபியட் மாதிரி 2 மி.மீ. வித்தியாசத்துக்கு 'வாபிள் போல்ட்' என்று ஒன்று உண்டு. அதன் கூம்பு தனி வளையமாக இருக்கும், கொஞ்சம் நகர்ந்து துளையில் சரியாக உட்காரும். நல்ல தயாரிப்பாக இருந்து, ஹப் அளவும் கச்சிதமாக இருந்தால் இது நியாயமான தீர்வு. ஃபோர்டுக்கு உதவாது.

சரி, 4×108 வீலை எங்கே தேடுவது?

முதலில் கேட்க வேண்டியது '8 ஹோல்' வீல். ஒரே வீலில் இரண்டு அளவுக்கும் துளை போட்டு வரும். இங்கே ஒரு விஷயம் கவனம்: எட்டு துளை இருந்தாலே ஃபோர்டுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. 100/108 என்றும் வரும், 100/114.3 என்றும் வரும். இரண்டாவது உங்களுக்கு ஆகாது. வீலின் பின்பக்கம் அச்சாகியிருக்கும் எண்ணை நீங்களே படித்துப் பாருங்கள்.

அடுத்த வழி, ஃபோர்டின் சொந்த அலாய். டாப் மாடலில் வந்த வீலை பேஸ் மாடலுக்கு மாற்றுவதில் பிசிடி தலைவலியே கிடையாது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். பழைய வீல் என்றால் பணம் கொடுக்கும் முன் பேலன்சிங் மிஷினில் சுற்றவிட்டுப் பாருங்கள். கோணல் இருந்தால் கண்ணுக்கே தெரியும். புதுசாக பெயின்ட் அடித்துப் பளபளப்பது வெளிப்பக்கம்தான், வெல்டு தழும்பு இருப்பது பெரும்பாலும் உள்பக்கம். திருப்பிப் பாருங்கள்.

பியூஜோ, சிட்ரோயன் நிறுவனங்களின் பல சின்ன கார்களும் 4×108 தான். அதை ஃபோர்டில் மாட்டலாமா? இங்கேதான் அடுத்த எண் வருகிறது.

நடு ஓட்டை அளவு

வீலின் நடுவில் உள்ள ஓட்டை, ஹப்பின் முனையில் உட்கார வேண்டும். ஃபோர்டு சின்ன கார்களின் ஹப் 63.4 மி.மீ. பியூஜோ, சிட்ரோயன் 65.1. பெரிய ஓட்டை சின்ன ஹப்பில் போகும், நடுவில் ஒரு வளையம் போட்டால் சரியாக உட்காரும். ஆனால் ஃபோர்டு வீல் பியூஜோவில் ஏறாது.

வெளி மார்க்கெட் வீல்களில் நடு ஓட்டை 67.1, 73.1 என்று பெரிதாகவே இருக்கும். பல கார்களுக்கும் விற்க வேண்டுமே! அதற்கு '73.1-லிருந்து 63.4' என்று கேட்டு ஹப் ரிங் வாங்க வேண்டும். நான்கு ரிங்கும் சின்னச் செலவுதான். போடாமல் விட்டால் 80-ஐத் தாண்டும்போது ஸ்டியரிங் நடுங்கலாம். எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் அது போகாது. பஞ்சர் கடையில் வீலைக் கழற்றும்போது ரிங் கீழே விழுந்து காணாமல் போவதும் நடக்கும், ஒரு கண் வையுங்கள்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் அளவு மாறலாம். அதனால் கார் பெயரைச் சொல்லி வாங்காமல், அளந்து வாங்குங்கள்.

நாலு நட் என்றால் ஈஸி. ஒரு துளையின் வெளி விளிம்பிலிருந்து, எதிர்த்துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் அதுதான் பிசிடி. மூணு, அஞ்சு நட்டுக்கு நேரெதிரே துளை இருக்காது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து, அஞ்சு நட்டுக்கு 1.701-ஆல், மூணு நட்டுக்கு 1.155-ஆல் பெருக்குங்கள். போலோவில் 58.8 மி.மீ. வரும், பெருக்கினால் 100. டேப் வைத்து அளந்தால் 98-க்கும் 100-க்கும் குழப்பம் வரும். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது.

ஆஃப்செட் என்பதையும் பார்க்க வேண்டும். வீலின் பின்பக்கம் 'இடி' என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு எண் இருக்கும். பழைய வீலை விட அந்த எண் 10 குறைந்தால், அதே அகல வீல் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். 5 மி.மீ. வரை பெரிதாகத் தெரியாது. டயர், வீல் ஆர்ச்சைத் தாண்டி நீட்டினால் சேறு தெறிப்பதோடு, சோதனையில் போலீஸ் கேள்வியும் வரலாம்.

இன்ச் கூட்டுகிறீர்கள் என்றால் டயரின் மொத்த உயரம் மாறாமல் இருக்க வேண்டும். எக்கோஸ்போர்ட்டின் 205/60, 16 இன்ச் டயர் சுமார் 652 மி.மீ. உயரம். 205/55, 17 இன்ச் போட்டால் 657. ஸ்பீடோமீட்டர் கணக்கு பெரிதாகத் தப்பாது.

நட்டிலும் வில்லங்கம் இருக்கு!

ஃபோர்டு சின்ன கார்களின் போல்ட் மரை எம்12×1.5. மாருதி எம்12×1.25. கடையில் டப்பாவில் கிடக்கும் மாருதி நட்டை எடுத்து ஃபோர்டில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் சிக்கும். அந்த நேரத்தில் ஏர் கன் வைத்தால் மரை காலி. முதலில் கையாலேயே திருகச் சொல்லுங்கள்.

நட் முனையின் வடிவமும் வீலுக்குப் பொருந்த வேண்டும். வெளி மார்க்கெட் அலாய் பெரும்பாலும் கூம்பு முனை கேட்கும். ஹோண்டாவின் கம்பெனி நட் உருண்டை முனை, டொயோட்டா அலாய் நட்டில் தட்டையான வாஷர் இருக்கும். அந்த நட்டுகளை வைத்தே புது அலாயை மாட்டினால், பிசிடி சரியாக இருந்தும் பழைய பிரச்சினைதான்.

பில் போடும் முன் வீலில் ஐஎஸ்ஐ முத்திரை, தாங்கும் எடை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில்லை பத்திரமாக வையுங்கள். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அலாய் வீலை மின்சாரம் சாராத உபரிப் பொருள் என்று பாலிசியில் சேர்த்தால்தான் திருட்டுக்கோ விபத்துக்கோ அதன் விலையைக் கேட்க முடியும்.

மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓட்டிவிட்டு, டார்க் ரென்ச் வைத்து நட்டை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். எக்கோஸ்போர்ட் பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி பழைய வீல்தான், நடுராத்திரி பஞ்சர் ஆனால் அதற்குப் பழைய நட் தேவைப்படலாம். ஒரு பையில் கட்டி டிக்கியில் போட்டு வையுங்கள்.