யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா: ஆதரவும் எதிர்ப்பும் சூழ்ந்த அரசியல் வாழ்வு

யாழ்ப்பாணத்தில் மேயர் ஆல்பிரட் துரையப்பாவின் பெயரில் ஒரு விளையாட்டரங்கு இருக்கிறது. நகரத்து மக்களுக்காக ஓடியாடி உழைத்தவர் என்று அவரைச் சொல்வோர் உண்டு. தமிழரின் உரிமைப் போராட்டத்திற்கு எதிராக அரசாங்கத்தின் பக்கம் நின்றவர் என்று சொல்வோரும் உண்டு. 1975-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைத் தமிழர் வரலாற்றின் போக்கையே மாற்றிய சம்பவங்களில் அதுவும் ஒன்று.

மலாயா இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நம் நாட்டில் வாழ்கின்றனர். அவர்களின் வீடுகளில் பெரியவர்கள் பேசக் கேட்ட பெயர்களில் துரையப்பாவும் ஒருவராக இருக்கலாம். அவர் யார், அவரைச் சுற்றி எழுந்த சர்ச்சை என்ன என்பதை இளைய தலைமுறையினர் அறிந்து கொள்வது நல்லது.

மேயர் பதவி: அங்கும் இங்கும்

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டன. அதற்கு முன்பு, 1957-இல் மாநகரமான ஜோர்ஜ்டவுனுக்கு டி. எஸ். இராமநாதன் என்ற தமிழரே முதல் மேயராக இருந்தார் என்பது பலருக்கு மறந்திருக்கும். இப்போது மேயர்களும் நகராண்மைக் கழக உறுப்பினர்களும் நியமனம் செய்யப்படுகிறார்கள். செனாய் வட்டாரத்தைக் கவனித்துக் கொள்ளும் கூலாய் நகராண்மைக் கழகமும் அப்படித்தான் இயங்குகிறது.

இலங்கையில் நிலைமை வேறு. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநகர சபையிலிருந்தே மேயர் வருகிறார். யாழ்ப்பாணம் 1949-இல் மாநகர சபையானது. கட்சித் தலைவர்களின் நாடாளுமன்ற அரசியல் ஒருபுறம் இருக்க, தண்ணீர், சாலை, சந்தை, துப்புரவு என்று அன்றாடம் மக்கள் தேடி வரும் பதவியாக மேயர் பதவி இருந்தது. துரையப்பாவின் செல்வாக்கு வளர்ந்தது இந்தப் பதவியில்தான்.

நூலகத்தைத் திறந்தவர்

1926 ஜூன் 15-இல் பிறந்த துரையப்பா, தொழிலால் வழக்கறிஞர். 1950-களின் இறுதியிலேயே மேயர் பதவிக்கு வந்துவிட்டார். 1959-இல் யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடத்தைத் திறந்து வைத்தவர் அவர்தான். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடு உருவான அந்த நூலகம், பின்னாளில் சுமார் 97,000 நூல்களையும் ஏட்டுச்சுவடிகளையும் கொண்டதாக வளர்ந்து, 1981-இல் எரிக்கப்பட்டது.

1960 மார்ச் மாதத் தேர்தலில் யாழ்ப்பாணத் தொகுதியில் துரையப்பா சுயேச்சையாகப் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம். நாடறிந்த வழக்கறிஞர், முன்னாள் அமைச்சர். அவரைத் துரையப்பா தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தபோதும் வென்றார்.

யாழ்ப்பாண நகரத் தொகுதியில் இந்துக்களோடு கத்தோலிக்கர்களும் முஸ்லிம்களும் கணிசமாக வாழ்ந்தனர். கட்சிக் கொள்கையைவிட, வீடு தேடி வருபவருக்கு உதவும் பழக்கமே துரையப்பாவுக்கு வாக்குகளைச் சேர்த்தது. ஏழைகளும் தாழ்த்தப்பட்ட மக்களும் அவரை எளிதாக அணுக முடிந்தது என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வார்கள்.

1965-இல் பொன்னம்பலத்திடம் அவர் தோற்றார். 1970-இல் மும்முனைப் போட்டியில் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டினிடம் நூறுக்கும் குறைவான வாக்குகளில் வெற்றியைத் தவறவிட்டார். அந்தத் தேர்தலில் பொன்னம்பலம் மூன்றாமிடத்திற்குத் தள்ளப்பட்டார் என்பதிலிருந்து துரையப்பாவுக்கு இருந்த செல்வாக்கைப் புரிந்து கொள்ளலாம்.

அரசாங்கத்தின் பக்கம்

1970-இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. அவருடைய ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு யாழ்ப்பாணத்தில் முகமாக நின்றவர் துரையப்பா. அதே காலக்கட்டத்தில் மீண்டும் மேயராகவும் ஆனார். சர்ச்சை இங்குதான் முற்றியது.

அந்த ஆட்சிக் காலத்தில் தமிழர்களை வாட்டிய முடிவுகள் அடுத்தடுத்து வந்தன. முதலாவது, பல்கலைக்கழக அனுமதியில் கொண்டு வரப்பட்ட தரப்படுத்தல். 1971-இல் மருத்துவப் படிப்புக்கு 400-க்கு 229 புள்ளிகள் பெற்ற சிங்கள மாணவருக்கு இடம் கிடைத்தது. தமிழ் மாணவருக்கோ 250 புள்ளிகள் தேவைப்பட்டன. படிப்பையே முதலாகக் கொண்ட யாழ்ப்பாணச் சமுதாயத்துக்கு இது பேரிடியாக இருந்தது. அடுத்து, 1972 மே 22-இல் வந்த குடியரசு அரசியலமைப்பு சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிப்படுத்தி, பௌத்த சமயத்திற்கு முதன்மை இடம் வழங்கியது. சிறுபான்மையினருக்குப் பழைய அரசியலமைப்பில் இருந்த பாதுகாப்புப் பிரிவும் போனது.

இதை எதிர்த்துத் தமிழ்க் கட்சிகள் ஒன்று சேர்ந்தன. எஸ். ஜே. வி. செல்வநாயகம் தமது நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். அந்த இடத்துக்கான இடைத்தேர்தல் 1975 பிப்ரவரி வரை இழுத்தடிக்கப்பட்டது. இத்தகைய நேரத்தில் ஆளுங்கட்சியின் ஆளாக யாழ்ப்பாணத்தில் இருந்தவர் மீது இளைஞர்களின் கோபம் திரும்பியது. மேடைகளில் "துரோகி" என்ற சொல் தாராளமாகப் புழங்கியது.

துரையப்பா தரப்பின் வாதம் வேறாக இருந்தது. அரசாங்கத்தோடு உறவு இருந்தால்தான் ஊருக்கு வேலைவாய்ப்பும் வசதிகளும் வந்து சேரும் என்பதே அது. 1974 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கப்பட்டதை அந்த அணியினர் சாதனையாகக் காட்டினர். தமிழரசுக் கட்சியோ தமிழ்ப் பல்கலைக்கழகம் திருகோணமலையில்தான் அமைய வேண்டும் என்று கேட்டு வந்தது. பின்னாளில் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த வளாகத்திலிருந்தே வளர்ந்தது.

1974 ஜனவரி 10

துரையப்பாவின் பெயருக்கு நீங்காத களங்கத்தைக் கொண்டு வந்தது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாள். இந்த மாநாட்டுக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் முயற்சியால் முதல் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது. சென்னை, பாரிஸ் ஆகிய நகரங்களுக்குப் பிறகு நான்காவது மாநாடு யாழ்ப்பாணத்திற்குக் கிடைத்தது. கொழும்பில் நடத்த வேண்டும் என்று அரசாங்கத் தரப்பு விரும்பியது. ஏற்பாட்டாளர்கள் யாழ்ப்பாணத்தில் உறுதியாக நின்றனர்.

ஜனவரி 10-ஆம் நாள் மாலை வீரசிங்கம் மண்டபத்தில் பொதுக்கூட்டம். மண்டபம் கொள்ளாத அளவுக்குக் கூட்டம் வெளியே திரண்டது. மாநகர சபையின் திறந்தவெளி அரங்கு கிடைக்காததால், மண்டபத்தின் முன்னால் மேடை போட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தனர். போலீசார் உள்ளே புகுந்தனர். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. அறுந்து விழுந்த மின்கம்பியில் சிக்கிப் பலர் மடிந்தனர். மாண்டவர்கள் ஒன்பது பேர் என்று பல பதிவுகள் கூறுகின்றன.

அரசாங்கம் முறையான விசாரணைக்கு முன்வரவில்லை. ஓய்வு பெற்ற நீதிபதிகளும் ஓர் ஆயரும் அடங்கிய மக்கள் விசாரணைக் குழு போலீசார் மீது குற்றம் கண்டது. ஆனால் எவரும் தண்டிக்கப்படவில்லை. அரங்கு மறுக்கப்பட்டதற்கும் போலீசார் வந்ததற்கும் மேயரே காரணம் என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. அவருடைய ஆதரவாளர்கள் இதை மறுத்தனர். நீதிமன்றமோ அரசாங்க ஆணையமோ இதை ஆராய்ந்து உண்மையைச் சொல்லியிருந்தால் பழி உறுதியாகியிருக்கும், அல்லது நீங்கியிருக்கும். இரண்டுமே நடக்கவில்லை.

கோயில் வாசலில்

துரையப்பாவைக் கொல்லும் முயற்சி அதற்கு முன்பே நடந்திருந்தது. 1971-இல் உரும்பிராயைச் சேர்ந்த பொன். சிவகுமாரன் அவருடைய காரில் குண்டு வைத்தார். துரையப்பா உயிர் தப்பினார். 1974 ஜூன் 5-இல் போலீசாரிடம் பிடிபட்ட சிவகுமாரன் சயனைட் அருந்தி மாண்டார்.

1975 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்தவரான துரையப்பா, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபட வந்தார். அங்கே காத்திருந்த இளைஞர்கள் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, அவருடைய காரிலேயே தப்பினர். அவருக்கு அப்போது வயது 49. இளைஞர்களுக்குத் தலைமை தாங்கிய வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு வயது 20. அடுத்த ஆண்டு மே மாதம் பிரபாகரன் தமிழீழ விடுதலைப் புலிகள் அமைப்பைத் தொடங்கினார். 1978 ஏப்ரலில் அந்த அமைப்பு வெளியிட்ட அறிக்கை, துரையப்பா உட்பட பலரின் கொலைகளுக்குப் பொறுப்பேற்றது.

அன்று அந்தக் கொலையை வெளிப்படையாகக் கண்டித்த தமிழ்த் தலைவர்கள் மிகக் குறைவு. ஆனால் துப்பாக்கி துரையப்பாவோடு நிற்கவில்லை. அவரை எதிர்த்து மேடைகளில் முழங்கிய தலைவர்களில் ஒருவரான அ. அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13-இல் கொழும்பில் புலிகளால் கொல்லப்பட்டார். அதே தாக்குதலில் யாழ்ப்பாணத்தின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனும் உயிரிழந்தார். யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998-இல் யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயரானார். அதே ஆண்டு மே 17-இல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து மேயரான பொன். சிவபாலன் செப்டம்பர் 11-இல் குண்டுவெடிப்பில் மாண்டார். ஒரே நகரத்தின் மூன்று மேயர்கள் பதவியில் இருக்கும்போதே உயிரிழந்தனர்.

இன்று

2016 ஜூன் 18-இல், இந்திய அரசின் உதவியோடு புதுப்பிக்கப்பட்ட துரையப்பா விளையாட்டரங்கை அப்போதைய அதிபர் மைத்திரிபால சிறிசேனாவும், காணொளி வழியாக இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் திறந்து வைத்தனர். அவர் திறந்து வைத்த நூலகமும் மீண்டும் கட்டப்பட்டு, வாசகர்கள் வந்து போகும் இடமாக நிற்கிறது. வீரசிங்கம் மண்டபத்தின் அருகே 1974-இல் மாண்டவர்களுக்கு நினைவுத் தூண்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 10-இல் அங்கு மலர் வைக்கப்படுகிறது.

இந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில்தான் உள்ளன. துரையப்பாவின் அரசியல் சரியா தவறா என்ற வாதம் ஐம்பது ஆண்டுகளாக ஓயவில்லை. 1970-இல் வாக்குச்சீட்டு அவரைத் தோற்கடித்தது, அதை அவர் ஏற்றுக்கொண்டார். மேயர் பதவியில் அவர் செய்ததையும் செய்யத் தவறியதையும் மக்கள் அதே வாக்குச்சீட்டால் தீர்மானித்திருக்க முடியும். 1975-க்குப் பிறகு அந்த வாய்ப்பு அவருக்கும் இல்லை, யாழ்ப்பாண மக்களுக்கும் நெடுங்காலம் இல்லாமல் போனது.